வேகம் இருந்தும் பிங் எகிறுவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருந்தது. விண்டோஸ் கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடும்போது பிங் எகிறியதால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். பதிவேற்ற வேகம் மட்டும் முன்போலவே 20. வேகச் சோதனை செய்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, பிங் 38 என்று காட்டுகிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் ஆட்டத்தின் நடுவே அந்த 38 திடீரென 300, 400 என்று போகிறது. முன்னே ஓடிக்கொண்டிருக்கும் என் வீரர் பின்னால் இழுக்கப்படுகிறார். சில நேரம் கணப்பொழுதில் சரியாகிவிடுகிறது, சில நேரம் பல நிமிடம் நீடிக்கிறது. ரௌட்டர் கூடத்தில் இருக்கிறது; என் கணினி இரண்டு சுவர் தள்ளி என் அறையில், வைஃபையில் இயங்குகிறது. டிஎன்எஸ் மாற்றிப் பார்த்தேன், விளையாட்டை நீக்கி மீண்டும் நிறுவினேன், பயனில்லை. அடுத்து நான் வாங்க வேண்டியது புதிய கிராஃபிக்ஸ் அட்டையா, கேமிங் ரௌட்டரா, மாதக் கட்டண விபிஎன் சேவையா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோளாறு உங்கள் வீட்டுக்கு உள்ளேயே இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. அதுவும் வெவ்வேறான இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொண்டு ஒன்றுபோலத் தெரிவதாகவே நினைக்கிறேன். கணப்பொழுதில் வந்து மறைவது ஒன்று, நிமிடக் கணக்கில் நீடிப்பது மற்றொன்று. ஆனாலும் என் ஊகத்தை மட்டும் நம்பி நீங்கள் எதையும் மாற்றிவிடக் கூடாது. தாமதம் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அளந்து அறிய ஒரு மாலைப் பொழுது போதும், காசும் செலவில்லை. வலையமைப்புப் பொறியாளராக இத்தகைய கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது, அந்த ஒரு மாலையைச் செலவிடாமல் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டுவிடுகிறார்களே என்பதுதான்.

திட்டத்தை இரட்டிப்பாக்கியும் பயன் கிட்டாததற்குக் காரணம் எளிது. எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா வந்து சேரும் என்பதற்கான அளவு. பிங் என்பது ஒரு சிறிய பாக்கெட், அதாவது டேட்டாத் துணுக்கு, சர்வருக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதற்கான அளவு. பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகள் ஆட்டத்தின்போது ஒரு எம்பிபிஎஸ்ஸைக் கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அவற்றுக்கு வேண்டியது அந்தச் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள் தவறாமல், தாமதமில்லாமல், சீரான இடைவெளியில் போய் வருவது மட்டுமே. மேலும், பிங்குக்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு. ஃபைபர் இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி விநாடியாவது ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த எல்லையைக் குறைக்க முடியாது. உங்களுக்குச் சாதாரண நேரத்தில் 38 காட்டுகிறது என்றால் தொலைவும் பாதையும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். ஆகவே நாம் தேட வேண்டியது 38-ஐ 400 ஆக்குவது எது என்பதை மட்டுமே.

முதலில் கணினியின் திணறலையும் இணைப்பின் தாமதத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டையும் லேக் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். தடங்கல் வரும்போது மவுஸை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். காட்சி திருப்பத்தோடு ஒட்டாமல் விட்டு விட்டு நகர்ந்தால் அது கணினியின் குறை. கிராஃபிக்ஸ் அட்டை, பிராசஸர், சூடேறி வேகம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். காட்சி வழுக்கிக்கொண்டு திரும்பும்போதே எதிராளிகள் மட்டும் இடம் விட்டு இடம் தாவினாலோ, நீங்கள் பின்னால் இழுக்கப்பட்டாலோ அது இணைப்பின் குறை. நீங்கள் முன்னே நகரும்போது உங்கள் கணினி சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் அந்த நகர்வைத் தானாகவே திரையில் காட்டிவிடுகிறது. சர்வரின் பதில் தாமதமாக வந்து, நீங்கள் வேறு இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும்போது அந்த இடத்துக்கே உங்களைக் கொண்டுபோய் வைக்கிறது. நீங்கள் விவரித்திருக்கும் பின்னிழுப்பு இதுதான். இதற்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் தொடர்பில்லை. முதல் செலவு உங்களுக்கு மிச்சம்.

இனி அளப்போம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை இடுங்கள். வரும் விவரங்களில் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும் எண்தான் உங்கள் ரௌட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல் இருக்கும். ஒரு சாளரத்தில் அந்த முகவரிக்கும், பக்கத்தில் இன்னொரு சாளரத்தில் 8.8.8.8 போன்ற பொது முகவரி ஒன்றுக்கும் பிங் கட்டளையைக் கொடுங்கள். கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்துவிட்டால், நீங்கள் நிறுத்தும் வரை விநாடிக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஓடவிட்டுவிட்டு வழக்கம்போல் மாலையில் ஆடுங்கள். பின்னிழுப்பு நேர்ந்தவுடன் இரண்டு சாளரங்களின் கடைசிச் சில வரிகளையும் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி நிறுத்தினால், எத்தனை சதவீதப் பாக்கெட்டுகள் தொலைந்தன என்ற கணக்கும் கிடைக்கும். அந்தக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிங் சற்று அதிகமாக இருப்பதைவிடப் பாக்கெட் தொலைவது ஆட்டத்தை அதிகம் கெடுக்கும்.

ரௌட்டருக்கான சாளரத்தில் 2, 3, 2, 2 என்று வந்துகொண்டிருந்த எண்கள் நடுவே 140, 212, 9 என்று துள்ளிவிட்டு மறுபடி 2, 3 என்று அடங்குவதைக் கண்டால், அந்தத் துள்ளலுக்குக் காரணம் வைஃபை. ஏனெனில் அந்தப் பாக்கெட் உங்கள் அறையிலிருந்து கூடம் வரைதான் போய் வந்திருக்கிறது. வெளியுலகத்துக்கு அதில் பங்கே இல்லை. கணப்பொழுதில் வந்து மறையும் உங்கள் தடங்கல்கள் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பேசியது இரைச்சலில் கெட்டுப்போனால் மறுபடி அனுப்ப வேண்டும். படம் பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவருடைய கருவி சில விநாடிக் காட்சியை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்திருக்கும். விளையாட்டில் அப்படி முன்கூட்டி வாங்கி வைக்க எதுவும் இல்லை. எதிராளி அடுத்த நொடி என்ன செய்வார் என்பது இன்னும் நடக்கவே இல்லையே.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மேல்விழாத சேனல்கள் என்று 1, 6, 11 ஆகிய மூன்றையே பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடுகின்றன. யுஎஸ்பி 3.0 கேபிள்களும் அந்த வட்டாரத்தில் இரைச்சல் எழுப்பும் என்பது பலருக்கும் தெரியாது. வைஃபை டாங்கிள் ஒன்றைக் கணினியின் பின்புறம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகி வைத்திருந்தால் அதை ஒரு நீட்டிப்புக் கேபிள் மூலம் தள்ளி வைப்பதே பெரிய மாற்றத்தைத் தரக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவர்கள் அதை அதிகம் உறிஞ்சும். உங்களுக்கு இரண்டு சுவர் இருப்பதால் ஆடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். துள்ளல் ஏறத்தாழ ஒரே இடைவெளியில், கடிகாரம்போல வந்தால், கணினியின் வைஃபை அட்டை அவ்வப்போது சுற்றியுள்ள பிற வலையமைப்புகளைத் தேடுவது காரணமாக இருக்கலாம். அட்டையின் டிரைவரைப் புதுப்பியுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையை மின்சேமிப்புக்காக அணைக்க விண்டோஸுக்குக் கொடுத்துள்ள அனுமதியை நீக்குங்கள்.

இவை அனைத்தையும்விட உறுதியான தீர்வு ஒரு லேன் கேபிள். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். உங்கள் இணைப்புக்கு அதுவே தாராளம், அதைவிட உயர்ந்த வகையைத் தேட வேண்டியதில்லை. நிரந்தரமாகச் சுவரோரம் இழுக்க வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்றாலும் ஒரு மாலைக்கு மட்டும் தரையில் விரித்துப் போட்டுச் சோதியுங்கள். கேபிளில் ரௌட்டருக்கான பிங் பெரும்பாலும் 1 மில்லி விநாடிக்குள் நிற்க வேண்டும். நின்றால் வைஃபை பற்றிய ஐயம் அன்றோடு தீரும். கேபிளே இழுக்க முடியாத வீடுகளில் மின்கம்பி வழியே இணைப்புத் தரும் அடாப்டர்களைச் சிலர் நாடுகிறார்கள். வயரிங்கைப் பொறுத்து அவை சில இடங்களில் நன்றாகவும் சில இடங்களில் வைஃபையைவிட மோசமாகவும் நடந்துகொள்வதால், திருப்பிக் கொடுக்க முடியும் என்ற உறுதியில்லாமல் வாங்க வேண்டாம். வைஃபை ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதே இல்லை. சிக்னல் கோடுகள் கூடும், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்ய வேண்டியிருப்பதால் தாமதமும் கூடும்.

இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன். ரௌட்டருக்கான பிங் 1 அல்லது 2 என்று அசையாமல் இருக்க, வெளி முகவரிக்கான பிங் மட்டும் நிமிடக் கணக்கில் 300, 400 என்று நின்றால், வீட்டில் யாரோ எதையோ பதிவேற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் முதல் ஐயம். இதை நீங்களே செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கலாம். கேபிளில் இணைத்து, இரண்டு சாளரங்களையும் ஓடவிட்டு, பெரிய வீடியோக் கோப்பு ஒன்றை ஏதேனும் கிளவுட் சேமிப்பில் ஏற்றத் தொடங்குங்கள். சில விநாடிகளில் வெளிப் பிங் ஏறி, பதிவேற்றத்தை நிறுத்தியதும் இறங்கினால் ஐயம் உறுதியாகிறது. வேகச் சோதனையில் நீங்கள் பார்த்த 38 இணைப்பு சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் என்ற வேகச் சோதனையில் பதிவிறக்கத்தின்போதும் பதிவேற்றத்தின்போதும் இருக்கும் பிங் சிறிய எழுத்தில் தனியாகக் காட்டப்படும். அந்த இரண்டு எண்களைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி ஏறுவதற்குக் காரணம், மோடத்திலும் ரௌட்டரிலும் வெளியே போகக் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கென்று இருக்கும் தற்காலிகச் சேமிப்பிடம். அது ஒரு மெகாபைட் அளவு என்று வைத்துக்கொள்வோம். அதாவது 80 லட்சம் பிட். உங்கள் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 200 லட்சம் பிட். ஆக, அந்த இடம் நிரம்பியிருந்தால் அது காலியாக 0.4 விநாடி, அதாவது 400 மில்லி விநாடி ஆகும். அப்போது புதிதாக வரும் எந்தப் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் நின்றே வெளியேற வேண்டும். குறுகிய வாசலில் மூட்டை மூட்டையாகச் சுமந்து நிற்பவர்களின் வரிசைக்குப் பின்னால், கையில் ஒரே ஒரு கடிதத்தோடு நிற்கும் ஆளின் நிலைதான் உங்கள் விளையாட்டின் பாக்கெட்டுக்கு. நீங்கள் 100-இலிருந்து 200-க்கு மாறியபோது உள்ளே வரும் வாசல் அகலமானதே தவிர வெளியே போகும் இந்த வாசல் அப்படியேதான் இருக்கிறது. மாலையில் மட்டும் வருவதற்கும் இதில் விளக்கம் உண்டு. வெளியே போனவர்கள் வீடு திரும்பியதும் அவர்களுடைய போன்கள் வைஃபையைக் கண்டு, அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் யாரும் கேளாமலே கிளவுடுக்கு அனுப்பத் தொடங்குகின்றன. கண்காணிப்புக் கேமராவும் வீடியோ அழைப்பும் சேர்ந்துகொண்டால் 20 எம்பிபிஎஸ் போதாது.

இந்தக் கோளாறு ஆங்கிலத்தில் பஃபர்புளோட் எனப்படுகிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது இணைப்பு திணறுவதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2012-இல் வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் வரிசையில் பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கொண்டே வரிசையைக் கட்டுப்படுத்தும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதனோடு, ஒவ்வொரு பயன்பாட்டின் பாக்கெட்டுகளையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி முறைவைத்து அனுப்பும் ஏற்பாட்டையும் இணைத்த எஃப்க்யூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்த நோய், தெரிந்த மருந்து. இன்னும் ஏராளமான வீட்டு ரௌட்டர்கள் அந்த மருந்து இல்லாமலே விற்கப்படுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை.

ஆகவே ரௌட்டர் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பெட்டியின் மேல் கேமிங் என்று அச்சிட்டிருப்பதையும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதியோ, எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை முறையோ இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதுள்ள ரௌட்டரிலேயே அது இருக்கலாம். அமைப்புகளில், எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் க்யூஓஎஸ் பகுதியைத் திறந்து தேடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் ரௌட்டர் என்றால் அதன் வழியாகவும் பெறலாம். இயக்கும்போது பதிவேற்ற வேகத்தை நீங்களே குறிப்பிட வேண்டியிருக்கும். 20 கிடைக்கும் இணைப்பில் 17 அல்லது 18 என்று குறிப்பிடுங்கள். சிறிது வேகத்தை விட்டுக்கொடுப்பதால்தான் வரிசை மோடத்தில் சேராமல், ஒழுங்குபடுத்தத் தெரிந்த உங்கள் ரௌட்டரிலேயே நிற்கும். அமைத்த பின் பதிவேற்றச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெளிப் பிங் 400-க்குப் பதில் 40, 50-க்குள் நின்றால் வேலை முடிந்தது.

புதிய ரௌட்டர் வாங்காமலே நிலைமையைப் பெருமளவு மாற்றவும் வழியுண்டு. கணினிகளில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் செயலிகளின் அமைப்புகளில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். போன்களில் படங்களின் தானியங்கிக் காப்பை ஆட்ட நேரத்தில் நிறுத்தி வைத்து, படுக்கப் போகும்போது தொடரலாம். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில், அப்டேட் கோப்புகளை இணையத்திலுள்ள பிற கணினிகளுக்கு உங்கள் கணினி பகிர்வதற்கான அனுமதி இருந்தால் அதை நீக்குங்கள். ஆனால் ஒன்று: வீட்டிலுள்ளவர்களிடம் நெட்டைத் தொடாதீர்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் செய்வது எதுவும் தவறில்லை. படம் அனுப்புவதும் ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய இணைப்புதான் இது. காரணத்தைச் சொல்லி உதவி கேட்டால், போனில் ஒரு பொத்தானை மாற்றி வைக்க யாரும் மறுக்கப்போவதில்லை.

விபிஎன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் பாக்கெட்டுகளை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. உங்கள் பாக்கெட்டுகள் சுற்றுப்பாதையில் போய்க்கொண்டிருந்தால் மட்டுமே அது பிங்கைக் குறைக்கும். மற்ற நேரங்களில் நடுவில் ஒரு நிறுத்தம் கூடுவதால் பிங் ஏறவே செய்யும். வைஃபையிலும் பதிவேற்ற வரிசையிலும் பிறக்கும் தாமதத்தை அதனால் தொடக்கூட முடியாது. டிஎன்எஸ் என்பது சர்வரின் பெயருக்குரிய முகவரியை முதலில் கேட்டு அறிவதற்கு மட்டுமே, ஆட்டம் தொடங்கிய பின் அதற்கு வேலையில்லை. ஆகவே அதை மாற்றியதால் பயன் இல்லாமல் போனதில் வியப்பில்லை. பிங்கைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பூஸ்டர் மென்பொருள்களில் பல, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்துவதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அதை டாஸ்க் மேனேஜரில் நீங்களே செய்துகொள்ளலாம். விளையாட்டின் அமைப்பில் சர்வர் வட்டாரம் அருகிலுள்ளதாகத் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நண்பர்கள் குழுவோடு சேரும்போது சில விளையாட்டுகள் குழுத் தலைவரின் வட்டாரத்துக்கு எல்லோரையும் கொண்டுபோய்விடும்.

கேபிளில் இணைத்து, வீட்டில் வேறு எந்தக் கருவியும் இணைப்பைப் பயன்படுத்தாமல் இருக்கும்போதும் மாலையில் வெளிப் பிங் ஏறுகிறது என்றால் மட்டுமே பழி இணைப்பு நிறுவனத்தின் பக்கம் போகிறது. அப்போது ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, அது எந்த முகவரியோடு பேசுகிறது என்று பாருங்கள். அந்த முகவரிக்கு டிரேஸ்ரூட் கட்டளையைக் கொடுத்தால் நடுவிலுள்ள ஒவ்வொரு ரௌட்டர் வரைக்கும் போய்த் திரும்ப ஆகும் நேரம் வரிசையாக வரும். விண்டோஸில் அந்தக் கட்டளையின் பெயர் டிரேஸ்ஆர்டி. இதைப் படிப்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். நடுவில் ஏதோ ஒரு வரியில் மட்டும் எண் பெரிதாக இருந்து, அதற்கு அடுத்த வரிகளில் மறுபடி குறைந்தால் அது கோளாறு அல்ல. அந்த ரௌட்டர் தன்னிடமே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவே. நட்சத்திரக் குறிகளையும் அதே காரணத்துக்காகப் பொருட்படுத்த வேண்டாம். விளையாட்டுச் சர்வர்கள் பலவும் பிங்குக்குப் பதிலே தருவதில்லை. ஒரு வரியில் ஏறிய எண் அதற்கு அடுத்த எல்லா வரிகளிலும் கடைசிவரை ஏறியே இருந்தால்தான் தாமதம் அந்த இடத்தில் தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். பிங் அதிகம், லேக் ஆகிறது என்று மட்டும் எழுதினால் வேகச் சோதனை செய்யச் சொல்லி, வேகம் சரியாக இருக்கிறது என்று அதை முடித்துவிடுவார்கள். கேபிளில் எடுத்த அளவு என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டு, காலையில் எடுத்த டிரேஸ்ரூட்டையும் மாலையில் எடுத்ததையும் தேதி, மணி, தொலைந்த பாக்கெட்டுகளின் சதவீதம் ஆகியவற்றோடு இணையுங்கள். ரௌட்டருக்கான பிங் அந்த நேரம் முழுதும் 1 மில்லி விநாடிக்குள் இருந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துவிடுங்கள். இந்த முகவரிக்கான பாதையில் இந்த வரியிலிருந்து மாலை நேரங்களில் தாமதம் ஏறுகிறது, நெரிசலைச் சரிசெய்யவோ வேறு பாதையில் திருப்பவோ வேண்டும் என்று கேட்டு, புகாரைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிப் புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.